வெளியே நிற்கிற பெட்டிக்கு எத்தனை வயது?

ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ ஏஜாக்ஸிலோ வீடு வாங்கிக் குடியிருக்கிற எங்களவர்களிடம் கூரை போட்டு எத்தனை வருடம் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார்கள். யன்னல் மாற்றிய வருடமும் தெரியும். மோட்கேஜ் எப்போது புதுப்பிக்க வரும் என்பது மாதக் கணக்கில் தெரியும். வீட்டுச் சுவரோரம் நிற்கிற ஹீற் பம்புக்கு என்ன வயது என்று கேட்டால் மட்டும், “நாங்கள் வாங்கேக்கையே அது நிண்டது” என்பார்கள். அந்தப் பதில் போதாது. வீட்டில் அதிகம் உழைக்கிற, மாற்றுவதற்கு அதிகம் செலவாகிற சாமான்களில் அதுவும் ஒன்று. அதன் வயது தெரியாத வீட்டுக்காரர், அது ஓடாமல் நிற்கிற நாளில் வேறொருவர் சொல்கிற வயதையும் விலையையும் நம்ப வேண்டிவரும். அந்த நாள் பெரும்பாலும் ஜனவரியில்தான் வரும்.

ஆகவே தேத்தண்ணியைக் கையில் எடுத்துக்கொண்டு ஆறுதலாக இதைப் பார்த்துவிடுவோம். வயதைக் கண்டுபிடிப்பது சின்ன வேலை. அந்த வயதை வைத்து என்ன முடிவெடுப்பது என்பதற்குத்தான் பொறுமை வேண்டும்.

முதலில், வெளியே நிற்பது ஹீற் பம்ப்தானா என்று தெரியவேண்டும். ஏசியும் ஹீற் பம்பும் வெளித்தோற்றத்தில் ஒன்றுதான். உள்ளே நடக்கிற வேலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஒரு கொம்பிரசர், வீட்டுக்கு உள்ளே ஒரு கொயில், வெளியே ஒரு கொயில், இரண்டுக்கும் நடுவே குழாயில் சுற்றிவரும் குளிர்பதன வாயு. கோடையில் வீட்டுக்குள் இருக்கிற சூட்டை அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. ஹீற் பம்பில் இந்த ஓட்டத்தைத் திருப்பிவிடுகிற வால்வு ஒன்று கூடுதலாக இருக்கும். அது திரும்பினால் வெளிக்காற்றிலுள்ள சூடு உள்ளே வரும். மைனஸ் பத்து டிகிரிக் காற்றில் ஏது சூடு என்று கேட்பீர்கள். குழாயில் ஓடுகிற வாயுவை அந்தக் காற்றைவிடவும் குளிரவைத்தால், சூடு காற்றிலிருந்து வாயுவுக்குத்தானே போகவேண்டும்! பிறகு கொம்பிரசர் அந்த வாயுவை அழுத்திச் சூடேற்றி வீட்டுக்குள் அனுப்புகிறது. இலேசான குளிர் நாளில் தெர்மோஸ்ராற்றைச் சூட்டில் வைத்துவிட்டு வெளியே போய்ப் பாருங்கள். பெட்டியின் விசிறி சுழன்றால் அது ஹீற் பம்ப். கடும் குளிர் நாளில் இந்தச் சோதனை சரிவராது, ஏனென்றால் காஸ் ஃபேர்னஸோடு சேர்த்துப் பூட்டிய ஹீற் பம்ப் அன்றைக்கு ஃபேர்னஸிடம் வேலையை விட்டுவிட்டு ஓய்ந்திருக்கும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ரொறன்ரோவில் ஏசி கோடையில் மட்டுமே வேலை செய்கிறது. ஹீற் பம்ப் ஒக்ரோபரில் தொடங்கி மே வரை சூடு தந்துவிட்டு, மூச்சு வாங்காமல் கோடைக்கும் போகிறது. பக்கத்து வீட்டு ஏசி பன்னிரண்டு வருடமாக நன்றாக ஓடுகிறது என்பதை வைத்து எங்கள் வீட்டுப் பன்னிரண்டு வயது ஹீற் பம்பைக் கணிக்கமுடியாது. கொம்பிரசர் எத்தனை மணித்தியாலம் ஓடியது என்பதுதான் உண்மையான வயது. அதைப் பார்க்க வீட்டுக்காரருக்கு வழியில்லாததால் வருடக் கணக்கை வைத்துக்கொள்கிறோம்.

வருடத்தைச் சொல்வது பெட்டியில் உள்ள தகடு. குழாய்களும் கரண்ட் வயரும் பெட்டிக்குள் போகிற மூலைக்குப் பக்கத்தில், பெரும்பாலும் சுவரைப் பார்த்தபடி, ஒரு வெள்ளித் தகடோ ஸ்ரிக்கரோ ஒட்டியிருக்கும். வெயிலில் எழுத்து வெளுத்துப்போயிருந்தால் ரோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டாகப் பிடித்துப் பாருங்கள், தெரியும். போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சில கம்பனிகள் உற்பத்தி மாதத்தையும் ஆண்டையும் அதிலேயே வெளிப்படையாக அச்சிட்டிருக்கும். அப்படியென்றால் வேலை முடிந்தது. இல்லாவிட்டால் சீரியல் நம்பரைப் படிக்கவேண்டும். மொடல் நம்பரில் வயது இராது. அதில் இருப்பது அளவு. நடுவில் 024 என்று வந்தால் மணிக்கு 24,000 பீ.ரீ.யூ. சூடு, அதாவது 2 தொன் (இந்தத் தொன் எடையல்ல, பெட்டியின் வலு). 036 என்றால் 3 தொன். இதையும் குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

சீரியல் நம்பரில் ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வொரு வழக்கம். கரியர், பிரையன்ற் பெட்டிகளில் முதல் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். முன்னிரண்டு வாரம், பின்னிரண்டு ஆண்டு. 2311 என்று தொடங்கினால் 2011ஆம் ஆண்டின் 23ஆவது வாரம், ஜூன் மாதம். குட்மன், அமானா பெட்டிகளிலும் முதல் நான்கு இலக்கம்தான், ஆனால் அங்கே ஆண்டு முன்னால், மாதம் பின்னால். 1106 என்றால் 2011 ஜூன். இதே 1106 கரியர் பெட்டியில் இருந்தால் 2006ஆம் ஆண்டின் 11ஆவது வாரம். ஒரே நான்கு இலக்கம், ஐந்து வருட வித்தியாசம். அதனால் கம்பனிப் பெயரைப் பார்க்காமல் இலக்கத்தை மட்டும் பார்த்து வயது சொல்லக்கூடாது.

லெனொக்ஸில் முதல் இரண்டு இலக்கம் தொழிற்சாலைக்கு உரியது. அதை விட்டுவிட்டு அடுத்த இரண்டைப் பாருங்கள், அது ஆண்டு. அதன்பின் ஓர் ஆங்கில எழுத்து வரும், அது மாதம். ‘ஏ’ ஜனவரி, ‘எஃப்’ ஜூன், ‘எச்’ ஓகஸ்ட். ‘ஐ’ என்ற எழுத்தை ஒன்று என்ற இலக்கத்தோடு குழப்பாமலிருக்க விட்டுவிடுவார்கள். ஆகவே ‘ஜே’ செப்ரெம்பர், ‘எம்’ டிசெம்பர். ரீம், ரூட் பெட்டிகளில் நடுவே ஓர் எழுத்து வரும். அதைத் தொடர்ந்து வருகிற நான்கு இலக்கத்தில் வாரம் முன்னால், ஆண்டு பின்னால்.

ட்ரேன், அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் இரண்டும்தான் கொஞ்சம் வில்லங்கம். 2010 தொடக்கம் வந்தவற்றில் முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டு வாரம். 2002 தொடக்கம் 2009 வரை வந்தவற்றில் முதல் ஓர் இலக்கம் மட்டுமே ஆண்டு, அடுத்த இரண்டு வாரம். இப்போது 2145 என்று தொடங்குகிற ஒரு நம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய முறையில் அது 2021ஆம் ஆண்டின் 45ஆவது வாரம். பழைய முறையில் 2002ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். பத்தொன்பது வருடம் இடறுகிறது! பெட்டியின் கோலத்தைப் பார்த்தாலே ஓரளவு தெரியும் என்றாலும், நிச்சயமாகச் சொல்ல அதே தகட்டில் இன்னொரு சாட்சி இருக்கிறது.

அந்தச் சாட்சி, குளிர்பதன வாயுவின் பெயர். ஆர்-22 என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் 2010க்கு முந்திய பெட்டி. ஓசோன் படலத்தைக் கெடுக்கிற வாயு என்பதால் கனடாவிலும் அமெரிக்காவிலும் அந்த ஆண்டோடு ஆர்-22 வைத்த புதுப்பெட்டிகள் நின்றுபோயின. 2020இல் புதிய வாயுவின் வரவும் நின்றது. ஆர்-410ஏ என்று இருந்தால் அதற்குப் பிந்திய தலைமுறை. இன்றைக்கு வீடுகளில் நிற்பவற்றில் பெரும்பகுதி இதுதான். ஆர்-454பி என்றோ ஆர்-32 என்றோ இருந்தால் மிகப் புதியது. மேலே சொன்ன 2145இல் ஆர்-22 எழுதியிருந்தால் 2002, ஆர்-410ஏ எழுதியிருந்தால் 2021. சந்தேகம் தீர்ந்தது.

மிற்சுபிசி, டைக்கின், ஃபுஜிற்சு போன்ற கம்பனிகளுக்கு இந்தக் கணக்குகளைப் பொருத்திப் பார்க்காதீர்கள். சீரியல் நம்பரை வைத்துக்கொண்டு கம்பனிக்கே தொலைபேசி எடுத்தால் சொல்லிவிடுவார்கள். எந்தக் கம்பனியானாலும் அந்த அழைப்பில் இன்னொன்றையும் கேளுங்கள்: உத்தரவாதம் பதிவாகியிருக்கிறதா, எந்தத் திகதியிலிருந்து, வீடு கைமாறினால் அது தொடருமா என்று. பல கம்பனிகள் பூட்டிய சில வாரங்களுக்குள் பதிந்தால்தான் உதிரிப் பாகங்களுக்குப் பத்து வருடம் தருகின்றன. பதியாவிட்டால் ஐந்து. இரண்டாவது சொந்தக்காரருக்கு அதிலும் குறையலாம். கூலி பெரும்பாலும் இந்த உத்தரவாதத்துக்குள் வராது.

தகடு சொல்வது தொழிற்சாலையை விட்டு வந்த நாள். களஞ்சியத்தில் சில மாதம் கிடந்துவிட்டும் வந்திருக்கலாம். பூட்டிய நாள் வேண்டுமென்றால் பேஸ்மென்றில் ஃபேர்னஸ் மூடியின் உள்பக்கத்தைப் பாருங்கள். பூட்டியவர் பேனாவால் திகதி எழுதியோ சேர்விஸ் அட்டை ஒட்டியோ வைத்திருப்பது வழக்கம். அங்கே நிற்கும்போதே ஃபேர்னஸுக்கு மேலே இருக்கிற உட்கொயிலின் தகட்டையும் படம் எடுங்கள். வெளிப்பெட்டி 2016, உட்கொயில் 2004 என்று இருந்தால், யாரோ பாதியை மட்டும் மாற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். விற்பதற்காக அவசரமாகப் புதுப்பிக்கப்பட்ட வீடுகளில் இப்படி நிறைய இருக்கிறது. வெளியே நிற்பது பளபளக்கும், உள்ளே இருப்பது ஓய்வூதிய வயதைத் தாண்டியிருக்கும். அப்படிப்பட்ட இணைப்பின் வயதை நான் உட்கொயிலை வைத்துத்தான் சொல்வேன்.

சரி, வயது தெரிந்துவிட்டது. பதின்மூன்று என்று வைத்துக்கொள்வோம். அதற்கு என்ன பொருள்?

கனடாவின் இயற்கை வளத் துறை காற்றிலிருந்து சூடு எடுக்கிற ஹீற் பம்புக்குப் பதினைந்திலிருந்து இருபது வருடம் ஆயுள் என்று எழுதியிருக்கிறது. அமெரிக்காவின் எனர்ஜி ஸ்டார் திட்டம், பத்து வருடத்தைத் தாண்டினாலே மாற்றுவதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை. ஒன்று எப்போது சாகும் என்கிறது, மற்றது எப்போது யோசிக்கத் தொடங்கவேண்டும் என்கிறது. நான் இரண்டாவதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன். பத்து வயதுவரை பழுது வந்தால் திருத்துங்கள். பத்தைத் தாண்டியதும் பணம் சேர்க்கத் தொடங்குங்கள், ஆனால் நன்றாக ஓடுகிற பெட்டியைக் கழற்றாதீர்கள். பதினைந்தைத் தாண்டிய பெட்டியில் கொம்பிரசர், கொயில் போன்ற பெரிய உறுப்புக்குச் செலவழிக்காதீர்கள். வயது மட்டும் ஒருபோதும் தீர்ப்பாகாது. பதினேழு வயதில் ஒழுங்காக ஓடுகிற பெட்டியும் உண்டு. பிழையாகப் பூட்டியதால் ஏழு வயதில் செத்த பெட்டியும் உண்டு.

தீர்ப்புக்கு முன், நோயில்லாததை நோய் என்று எண்ணுவதை விட்டுவிட வேண்டும். எங்களவர் பலர் ஃபேர்னஸின் காற்றுக்குப் பழகியவர்கள். அது ஐம்பது டிகிரியை ஒட்டிச் சுடும். ஹீற் பம்பின் காற்று முப்பத்திரண்டுக்கும் நாற்பதுக்கும் இடையில் வரும். உடம்புச் சூடு முப்பத்தேழு என்பதால் கையை வைத்தால் வெதுவெதுப்பாகவோ சப்பென்றோ இருக்கும். ‘சூடு வரவில்லை’ என்று அழைப்பவர்களில் பலருக்கு வீடு இருபத்தொரு டிகிரியில் அப்படியே நிற்கும். கையை விட்டுவிட்டு தெர்மோஸ்ராற்றைப் பாருங்கள். அதேபோல ஹீற் பம்ப் விடாமல் ஓடுவதும் பழுதல்ல. குறைந்த சூட்டை நீண்ட நேரம் தருவதுதான் அதன் இயல்பு, வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடுகிற புதிய இன்வேர்ட்டர் வகைக்கு இன்னும் கூடுதலாக.

அடுத்தது ஆவி. ஈரமான குளிர் நாளில் வெளிக்கொயிலில் வெண்பனி படியும். படிந்தால் காற்றுப் போகாது. ஆகவே பெட்டி தானாகவே வால்வைத் திருப்பி, சில நிமிடம் வீட்டுச் சூட்டை வெளியே அனுப்பி அந்தப் பனியை உருக்கும். அப்போது வெளி விசிறி நிற்கும், ‘உஸ்’ என்று சத்தம் வரும், பெட்டிக்கு மேலே வெண்புகை போல ஆவி எழும். பெட்டி எரிகிறது என்று பயந்து 911க்குக் கை போகவேண்டாம். ஆனால் பெட்டி முழுவதும் பனிக்கட்டியாகி, மணிக்கணக்காக உருகாமல் நின்றால் அது பழுது. அப்போதும் கத்தியாலோ சவளாலோ கொத்தாதீர்கள். கொயிலின் தகடுகள் மெல்லியவை, ஒரு கொத்தில் முழுப் பெட்டியும் போகும்.

ஹைட்ரோ பில் கூடினால் அதுவும் உடனே வயதின் குற்றமல்ல. மின்சாரத்தில் ஓடும் ஹீற் பம்ப் இலேசான குளிரில் ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று பங்குச் சூடு தரும். குளிர் கூடக் கூட அது இரண்டை நோக்கி இறங்கும். காஸ் ஃபேர்னஸ் இல்லாத வீடுகளில் துணைக்கு மின்சூடாக்கிக் கம்பிகள் இருக்கும். அவை ஒரு பங்குக்கு ஒரு பங்குதான் தரும். இரவில் தெர்மோஸ்ராற்றை ஐந்து டிகிரி இறக்கிவிட்டு விடிய ஏற்றுகிற பழக்கம் ஃபேர்னஸுக்குச் சரி. ஹீற் பம்ப் வீட்டில் அப்படி ஏற்றினால் துணைக்கம்பிகள் ஓடத் தொடங்கி, இரவு மிச்சம் பிடித்ததை விடியற்காலையில் தின்றுவிடும். சூட்டை ஒரே அளவில் விட்டுப் பார்த்துவிட்டு, பில்லில் டொலரை விட்டுவிட்டு கிலோவாட் மணியை எடுத்து, போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். குளிர் ஒரே மாதிரி இருந்தும் அளவு கூடிக்கொண்டே போனால்தான் பெட்டியைச் சந்தேகிக்கலாம். அதற்கும் முன்னால் ஃபில்ரரைக் கழற்றிப் பாருங்கள். அடைத்துப்போன ஃபில்ரர் நல்ல பெட்டியையும் கிழடாக்கிக் காட்டும்.

உண்மையான பழுதுகளில் மலிவானவை உண்டு. கப்பாசிற்றர், கொன்ராக்ரர், பனி உருக்குவதைக் கட்டுப்படுத்தும் போர்ட், வெப்பநிலை உணர்வான், விசிறி மோட்டர். பெட்டி ஓடாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் இவற்றில் ஒன்றே காரணம். சில நூறு டொலரோடு முடியவேண்டிய இந்தப் பழுதுகளுக்காகவே எத்தனையோ நல்ல பெட்டிகள் கழற்றி எறியப்பட்டிருக்கின்றன என்பதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம். ‘பெட்டி செத்துப்போச்சு’ என்று ஒருவர் சொன்னால், எந்த உறுப்பு, எந்த அளவீட்டை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். எழுதித் தரச் சொல்லுங்கள். அதை இன்னொருவரிடம் காட்டுங்கள்.

விலையானவை மூன்று. கொம்பிரசர், திருப்பும் வால்வு, வாயு கசிகிற கொயில். இவற்றில் கசிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வசந்தத்திலும் ஒருவர் வந்து ‘காஸ் குறைந்திருக்கிறது’ என்று நிரப்பிவிட்டுப் போகிற வீடுகள் இருக்கின்றன. வாயு காரின் பெற்றோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. அடைத்த குழாய்க்குள் அது சுற்றிக்கொண்டே இருக்கும், பதினைந்து வருடமானாலும் அளவு குறையாது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை. ஓட்டையைத் தேடாமல் நிரப்பினால் அதே பணத்தை அடுத்த வருடமும் காற்றில் விடுவீர்கள். வாயு குறைவாக ஓடுகிற கொம்பிரசரும் சூடேறி ஆயுளை இழக்கும். இணைப்பில் ஓட்டை என்றால் ஒட்டலாம். கொயிலின் உடம்பிலேயே ஓட்டை, பெட்டிக்கு வயது பன்னிரண்டு, உத்தரவாதமும் இல்லை என்றால் மாற்றுவதே சரி.

இங்கேதான் வாயுவின் பெயர் மறுபடியும் வருகிறது. ஆர்-22 பெட்டி கசிந்தால் அதோடு விட்டுவிடுங்கள். மிஞ்சியிருக்கிற, மீட்டெடுத்த வாயுவை விலை கொடுத்து வாங்கி ஊற்றுவதில் பயனில்லை. ஆர்-410ஏ இன்னும் கிடைக்கிறது, ஆனால் அதன் காலமும் இறங்குமுகம். பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைப் போல 2,088 மடங்கு. கிகாலி உடன்படிக்கையின்படி கனடா இந்த வகை வாயுக்களின் வரவை 2024இல் 40 வீதம் குறைத்தது, 2036க்குள் 85 வீதம் குறைக்கவேண்டும். அமெரிக்காவில் 2025 ஜனவரியிலிருந்து ஆர்-410ஏ வைத்த வீட்டுப் பெட்டிகளைப் புதிதாகச் செய்வது நின்றுவிட்டது. இங்கே பூட்டுகிற பெட்டிகளில் பெரும்பாலானவை வருவதும் அந்தத் தொழிற்சாலைகளிலிருந்துதான்.

இதனால் ஒரு நடைமுறை மாற்றம் வந்திருக்கிறது. முன்பு வெளிப்பெட்டி செத்தால் வெளிப்பெட்டியை மட்டும் மாற்றிவிடுவார்கள். புதிய ஆர்-454பி, ஆர்-32 வாயுக்கள் இலேசாகத் தீப்பற்றக்கூடியவை என்பதால் அவற்றுக்கென்றே செய்த உட்கொயிலும் தேவைப்படுகிறது. பழைய ஆர்-410ஏ கொயிலோடு புதிய வெளிப்பெட்டியைச் சேர்க்கமுடியாது. பழைய பெட்டியில் புதிய வாயுவை ஊற்றவும் முடியாது, அப்படிச் செய்துதருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆகவே இனி மாற்றுவதென்றால் உள்ளும் வெளியும் சேர்த்துத்தான். அந்த முழுச் செலவு பெரும்பாலும் பத்தாயிரம் டொலரைத் தாண்டும். உட்கொயில் ஃபேர்னஸுக்கு மேலே உட்கார்ந்திருப்பதால் ஃபேர்னஸின் வயதையும் அப்போதே பார்க்கவேண்டும். அதுவும் பதினெட்டு, இருபது என்றால் ஒரே கூலியில் இரண்டையும் முடிப்பது நல்லது.

தொழிலில் ஒரு கணக்குச் சொல்வார்கள். வயதைத் திருத்தச் செலவால் பெருக்கு, 5,000 டொலரைத் தாண்டினால் மாற்று என்று. பன்னிரண்டு வயதுப் பெட்டிக்கு 600 டொலரில் விசிறி மோட்டர் போடவேண்டும் என்றால் பெருக்கம் 7,200. கணக்கு மாற்று என்கிறது. நான் மோட்டரைப் போடச் சொல்வேன். கொம்பிரசரும் கொயிலும் நன்றாக இருக்கும்போது 600 டொலருக்கு இன்னும் சில வருடம் கிடைக்கும் என்றால் விடலாமா? இந்தக் கணக்கு எந்த உறுப்பு பழுது என்று கேட்பதில்லை, உத்தரவாதம் இருக்கிறதா என்றும் கேட்பதில்லை. விற்கிறவருக்குத்தான் அது அதிகம் உதவுகிறது. நான் கேட்கிற கேள்விகள் வேறு: பழுது பெட்டியின் இதயத்திலா, கையிலா? இரண்டு வருடத்துக்குள் இது எத்தனையாவது பழுது? வாயு கசிகிறதா? வீடு இப்போது சூடாக இருக்கிறதா? கடைசிக் கேள்விக்குப் பதில் ‘ஓம்’ என்றால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. விலை பேச அதைவிடப் பெரிய பலம் கிடையாது.

நேரம் இல்லாதவர்களுக்கு நடப்பதை எங்கள் சமூகத்தில் நிறையப் பார்த்துவிட்டோம். குளிரில் குழந்தைகளும் வயதுபோன அம்மாவும் இருக்க, இன்றைக்கே பூட்டித்தருகிறோம், காசு இப்போது வேண்டாம், மாதாமாதம் கட்டினால் போதும் என்று வருகிற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். பத்து, பதினைந்து வருட வாடகை. கூட்டிப் பார்த்தால் பெட்டியின் விலையைப் போல இரண்டு மூன்று மடங்கு. வீட்டை விற்கப் போகும்போதுதான் காணியின் பதிவில் அந்தக் கம்பனி ஓர் உரிமைக் குறிப்பு ஏற்றியிருப்பது தெரியவரும். ஒன்ராறியோ அரசு 2018 மார்ச்சில் ஃபேர்னஸ், ஏசி, தண்ணீர் சூடாக்கி போன்றவற்றை அழைக்காமல் வீடு தேடி வந்து விற்பதைத் தடைசெய்தது. 2024 ஜூனில் வீட்டுச் சாமான்களுக்காகக் காணியில் அப்படிக் குறிப்பு ஏற்றுவதையும் சட்டத்தால் நிறுத்தியது. வீட்டில் வைத்துப் போட்ட ஒப்பந்தத்தைப் பத்து நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்துச் செய்யவும் உரிமை உண்டு. பெற்றோர் தனியாக இருக்கிற வீடுகளில் பிள்ளைகள் இதை அவர்களுக்குத் தமிழில் விளங்கப்படுத்தி வையுங்கள். அரசாங்கத் திட்டத்திலிருந்து வந்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மாற்றுவதாக முடிவெடுத்தால் செப்ரெம்பரிலோ ஏப்ரல் கடைசியிலோ செய்யுங்கள். சூடும் அவசரமில்லை, குளிரும் அவசரமில்லை, வேலைசெய்பவர்களுக்கும் ஓய்வு இருக்கும். மூன்று பேரிடம் விலை கேளுங்கள். வருகிறவர் பழைய பெட்டியின் அளவைப் பார்த்து ‘3 தொன்னுக்கு 3 தொன்’ என்று எழுதினால் அவரை விடுங்கள். அந்த 3 தொன் இருபது வருடத்துக்கு முன்பு யாரோ ஊகத்தில் போட்டது. இடையில் நீங்கள் யன்னல் மாற்றியிருப்பீர்கள், மேல்மாடத்தில் இன்சுலேஷன் போட்டிருப்பீர்கள். கனடாவில் இதற்கென்று எஃப்-280 என்ற தர அளவுகோல் இருக்கிறது. சுவர், யன்னல், கூரை, காற்றுக் கசிவு எல்லாவற்றையும் கணக்கெடுத்து, ரொறன்ரோவுக்கு ஏறக்குறைய மைனஸ் பதினெட்டு டிகிரியில் வீட்டுக்கு எவ்வளவு சூடு தேவை என்று சொல்லும். அந்தக் கணக்கைக் கடதாசியில் கேளுங்கள். தேவைக்கு மிஞ்சின பெட்டி அடிக்கடி நின்று நின்று ஓடி, கோடையில் ஈரத்தையும் எடுக்காமல், சீக்கிரம் கிழடாகும். பெட்டியின் வாழ்நாள் பெரும்பாலும் இந்த முதல் நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

இப்போதைய கடுங்குளிர் வகைகள் மைனஸ் இருபத்தைந்திலும் வேலை செய்யும். ஆனாலும் மைனஸ் பதினைந்தில் எத்தனை பீ.ரீ.யூ. தரும் என்பதைத் தயாரிப்பாளரின் அட்டவணையிலேயே காட்டச் சொல்லுங்கள். பெட்டியில் எழுதியிருக்கிற தொன் அளவு இலேசான நாளுக்கானது. வாயுவைக் கையாள்பவரிடம், ஓசோனைக் கெடுக்காமல் வாயுவைக் கையாளப் பயின்றதற்கான ஓ.டீ.பி. அட்டையும், 313ஏ அல்லது 313டீ தொழில் உரிமமும் இருக்கவேண்டும். கேட்பதில் வெட்கமில்லை, நல்ல தொழிலாளி சந்தோசமாகவே காட்டுவார். மானியங்களை நம்பி வரவுசெலவு போடாதீர்கள். 2021இல் தொடங்கிய 5,000 டொலர் வரையான மத்திய அரசின் மானியம் 2024 பெப்ரவரியில் புதியவர்களுக்கு மூடப்பட்டது. ஒன்ராறியோவில் 2025 ஜனவரியில் வேறொரு திட்டம் தொடங்கியது. இவை வரும், மாறும், போகும். வேலை தொடங்கமுன் விண்ணப்பிக்க வேண்டுமா என்பதை நீங்களே திட்டத்தாரிடம் நேரே கேளுங்கள்.

கடைசியாக, பழைய பெட்டியைக் கழற்றுகிற நாளில் வீட்டில் நில்லுங்கள். 3 தொன் பெட்டியில் ஏறக்குறைய மூன்று கிலோ வாயு இருக்கும். ஆர்-410ஏ என்றால் அதைக் காற்றில் விடுவது ஆறு தொன்னுக்கு மேல் கரியமில வாயுவை விடுவதற்குச் சமம். கனடாவில் அது சட்டப்படி குற்றமும்கூட. குழாயை வெட்டுவதற்கு முன் வேலைசெய்பவர் மீட்பு இயந்திரத்தைப் பூட்டி, வாயுவைச் சிலிண்டருக்குள் இழுத்தெடுக்க வேண்டும். அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அவசரப்படுத்தாமல் அவருக்கும் ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுங்கள்.